யாருக்கு அந்த 48 நிமிடம்?



'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். சரி, பத்து முளை இருக்கிறது, தண்ணீர் மூன்றுக்குத்தான் காணும் என்றால் எந்த மூன்றுக்கு ஊற்றுவது? இந்தக் கேள்வியை எனக்குப் பாடமாக நடத்தியது ஒரு செல்போன் விளையாட்டு! 'படிக்கிற பிள்ளைக்கு இது தேவையா?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாமல் கடைசி வரை வாசியுங்கள்.

ஆட்டம் என்ன ஆட்டம்?

'பஸ்ஸர்பீட்டர்' என்பது 2007-இல் இணையத்தில் தொடங்கப்பட்ட கூடைப்பந்து மேலாளர் விளையாட்டு. இதில் நாம் பந்தைத் தொடுவதே இல்லை. அணியின் மேலாளர் நாம்தான். யாரை வாங்குவது, யாரை இறக்குவது, என்ன பயிற்சி கொடுப்பது என்று முடிவெடுப்பதுதான் வேலை. ஒரு லீக்கில் 16 அணிகள். ஒரு சீசன் 14 வாரம். ஒவ்வொரு சீசனிலும் 18, 19 வயசுப் பையன்கள் புதிதாக வந்து சேருவார்கள்.

பயிற்சி வாரத்துக்கு ஒருமுறைதான். அதுவும் ஆட்டத்தில் இறங்கினவனுக்கு மட்டும். ஒரு ஆட்டம் 48 நிமிடம். வாரத்துக்கு மூன்று ஆட்டம். சென்டர் இடத்துக்கு மட்டும் பயிற்சி வைத்தால் மூன்று பேருக்குத்தான் முழு 48 நிமிடம் கிடைக்கும். பெஞ்சில் உட்கார்ந்தவனுக்கு ஒன்றும் இல்லை. யாரைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இந்த விளையாட்டின் உயிரே.

நான் பண்ணின கூத்து

முதல் சீசனில் ஜெயிக்க வேண்டும் என்ற வெறியில், ஏற்கெனவே நன்றாக ஆடுகிற 27 வயசுக்காரர்களையே எல்லா ஆட்டத்திலும் இறக்கினேன். 18 வயசுப் பையன் ஒருத்தன் 14 வாரமும் பெஞ்சைச் சூடாக்கினான். சீசன் முடிந்ததும் 'இவன் எதுக்கும் உதவமாட்டான்' என்று அடிமாட்டு விலைக்கு விற்றேன். வாங்கினவர் அவனுக்கு நிமிடம் கொடுத்தார். இரண்டே சீசனில் அவன் எங்கள் அணிக்கு எதிராகவே வந்து இறங்கி எங்களைத் தோற்கடித்தான்!

தேர்ந்தெடுப்பது எப்படி?

பட்ட பிறகு கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் வயது. 18 வயசில் திறமை வேகமாக ஏறும். வயது கூடக் கூட வேகம் குறையும். முப்பதுகளில் இறங்கவே தொடங்கிவிடும். இன்றைக்குச் சமமாக ஆடும் 18 வயசுக்காரனும் 22 வயசுக்காரனும் இருந்தால், நிமிடத்தைச் சின்னவனுக்குக் கொடுங்கள்.

இரண்டாவது, உச்சம். ஒருவன் எவ்வளவு தூரம் வளர முடியும் என்பதை இதில் 12 படிகளாகப் பிரித்திருக்கிறார்கள். அடிப்படியின் பெயர் 'அறிவிப்பாளர்'. அதாவது மைக் பிடிக்கத்தான் லாயக்கு! மெட்டலர்ஜி வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். மைல்டு ஸ்டீலைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினாலும் பெரிதாகக் கடினமாகாது. அதில் கார்பன் 0.25 சதவீதத்துக்கும் குறைவு. 0.45 சதவீதம் இருந்தால் கடினமாகும். அதுபோல, உச்சத்தை நெருங்கினவனுக்கு எவ்வளவு பயிற்சி கொடுத்தாலும் ஏற்றம் குறைவுதான்.

மூன்றாவது, உயரம். உயரமானவனுக்கு ரீபவுண்ட், கூடைக்கு அடியில் நின்று தடுப்பது எல்லாம் சீக்கிரம் வரும். குட்டையானவனுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவது, பாஸ் கொடுப்பது சீக்கிரம் வரும்.

நான்காவது, அடித்தளம். இதைத்தான் பலர் பார்ப்பதில்லை. உயரமான பையனிடம் பாஸ் கொடுக்கும் திறமை ஏற்கெனவே கொஞ்சம் இருந்தால் அவனை விடாதீர்கள். அவனுக்கு மெதுவாக ஏறுகிற சரக்கு அது. கையோடு கொண்டு வந்திருக்கிறான். மற்றதை நாம் சொல்லிக் கொடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, பொறுமை. சின்னவனை இறக்கினால் சில ஆட்டம் தோற்போம். அந்தத் தோல்வியைத் தாங்க முடியாதவர் இளம் வீரரை வளர்க்கவே முடியாது.

நிஜக் களத்தில்

விளையாட்டில் உச்சத்தை எழுதியே காட்டிவிடுவார்கள். நிஜத்தில் யார் நெற்றியிலும் எழுதி ஒட்டியில்லை. அதனால்தான் பெரிய பெரிய ஆட்களும் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

1978-இல் அமெரிக்காவில் வில்மிங்டன் நகரத்துப் பள்ளி ஒன்றில் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனைப் பெரிய அணியில் எடுக்கவில்லை. உயரமான இன்னொரு பையனை எடுத்தார்கள். எடுபடாமல் போனவர் மைக்கேல் ஜோர்டான்! ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்பவில்லை, ஜூனியர் அணியில் போட்டார்கள். அங்கே அவருக்கு ஆட நிமிடம் கிடைத்தது. கதை சொல்கிறவர்கள் இந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

செர்பியாவின் நிகோலா யோகிச்சை 2014-இல் என்.பி.ஏ. தேர்வில் 41-வது ஆளாகத்தான் எடுத்தார்கள். 2021, 2022, 2024 என மூன்று முறை அவர் அந்த லீக்கின் மதிப்புமிக்க வீரர் ஆனார். நம் நாட்டுக்கு வந்தால், பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னம் சிங். ஏழடிக்கு மேல் உயரம். 2015-இல் டல்லாஸ் அணி அவரை 52-வதாக எடுத்தது. என்.பி.ஏ. தேர்வில் எடுக்கப்பட்ட முதல் இந்தியர் அவர். ஆனாலும் அந்த லீக் ஆட்டத்தில் ஒரு நிமிடம்கூட அவர் இறங்கவில்லை. நம்ம சென்னையின் அனிதா பால்துரை 19 வயசிலேயே இந்தியப் பெண்கள் அணியின் கேப்டன் ஆக்கப்பட்டார். 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். சின்ன வயசுக்காரியை நம்பிப் பொறுப்புக் கொடுத்தது வீண்போகவில்லை.

பிறந்த மாதத்தில்கூட விஷயம் இருக்கிறது. 1980-களில் கனடாவின் இளம் ஐஸ் ஹாக்கி வீரர்களை ஆராய்ந்தபோது, ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தவர்களே அதிகம் இருந்தார்கள். வயதுக் கணக்கு ஜனவரி ஒன்றில் தொடங்கியதால் அவர்கள் கொஞ்சம் மூத்தவர்கள், கொஞ்சம் பெரிய உடம்பு. 'திறமைசாலி' என்று எடுத்தார்கள், பயிற்சி கொடுத்தார்கள், அவர்களும் திறமைசாலி ஆகிவிட்டார்கள். டிசம்பரில் பிறந்தவன் பெஞ்சில். நானும் டிசம்பர்க்காரன்தான், அதனால் இதை வாசித்தபோது ரொம்ப சந்தோஷம்!

எங்க வீட்டுத் தேர்வு

அந்தச் சந்தோஷம் ரொம்ப நாள் நிற்கவில்லை. எங்கள் வீட்டில் பெஞ்சில் உட்கார்ந்தது நான் இல்லை.

அப்பாவுக்கு ரப்பர் பால்வெட்டு. 2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்தபோது அவர் வெட்டிக்கொண்டிருந்த தோட்டத்தில் பாதி மரம் சாய்ந்துவிட்டது. 2019-இல் அக்கா பத்தாம் வகுப்பில் 441 மார்க்கு வாங்கினாள். நான் பிறகு வாங்கியது 386. மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் வந்ததோ 2022-இல்தான். "பையன் படிக்கட்டும்" என்று அப்பா முடிவெடுத்தார். அக்கா அண்டியாபீசுக்குப் போனாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தது நான். என் பஸ் காசும் டிராயிங் போர்டும் அக்காவின் கறை பிடித்த கையிலிருந்து வந்தவை.

போன ஓணம் லீவில் வீட்டில் இருந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். நானும் வாத்தியார் மாதிரி விளக்கினேன்.

"இவனுக்க உச்சம் எவ்வளவுன்னு உனக்கு எப்பிடில தெரியும்?"

"அதுல எழுதியிருக்கும்க்கா."

"அப்போ நமக்கு எங்க எழுதியிருந்துச்சு மக்கா?"

சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. அப்பாவைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை. அவர் கையில் மூன்று நிமிடம்கூட இல்லை, ஒன்றுதான் இருந்தது. ஆனால் அதை வாங்கிக்கொண்டவன் நான் என்பதை அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

மைல்டு ஸ்டீல் கதையும் அங்கேயே முடிந்துவிடவில்லை, நண்பர்களே. மேல்பரப்பில் கார்பன் ஏற்றிக் கேஸ் ஹார்டனிங் செய்தால் அதிலும் உறுதியான கியர் செய்யலாம். செலவும் நேரமும் கூடும், அவ்வளவுதான். 22 வயசு அக்காவுக்கும் அப்படித்தான். பாலிடெக்னிக் முதலாண்டில் சேரப் பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். அது அவளிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தோறும் இரண்டு பேரும் கணக்குப் போடுகிறோம். மறந்துபோனவள் மாதிரியே தெரியவில்லை. எனக்கு இது கடைசி ஆண்டு. வேலை கிடைத்ததும் அக்கா கொண்டுவந்த சம்பளத்தை நான் கொண்டுவருகிறேன் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் இன்னும் 'செரி' சொல்லவில்லை. 'வேண்டாம்' என்றும் சொல்லவில்லை.

உங்கள் வீட்டிலும் உங்களுக்காகப் பெஞ்சில் உட்கார்ந்தவர் யாராவது இருக்கலாம். ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

அடுத்த வருடம் முதலாண்டு வகுப்பில் வயசில் மூத்த ஒரு அக்கா வந்து உட்கார்ந்தால், தயவுசெய்து கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுங்கள். அது எனக்க அக்காவாக இருக்கலாம்.

— மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்