அலாய் வீல் கறை: பாட்டிலை வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்

ஷாம்பு போட்டு எவ்வளவு தேய்த்தாலும் கார் சக்கரத்தில் சில புள்ளிகள் மட்டும் அசையாது. அப்போதுதான் சிலர் பாத்ரூம் ஆசிட்டை எடுக்கிறார்கள். சிலர் வாட்டர் சர்வீஸ் கடையில், பெயர் ஒட்டாத கேனிலிருந்து அடிக்கும் திரவத்துக்குத் தலையாட்டுகிறார்கள். கறை போய்விடும். கூடவே வீலின் மினுமினுப்பும் போகலாம், கையும் வெந்து போகலாம். கறை என்ன, பாட்டிலில் இருப்பது என்ன என்று தெரியாமல் காசு கொடுக்காதீர்கள். முதலாவதை நீங்களே கண்டறியலாம். இரண்டாவதைக் கேட்டுத் தெரிந்துகொள்வது உங்கள் உரிமை.

எந்தக் கறைக்கு எது?

பழுப்பும் கறுப்புமாக, குறிப்பாக முன் சக்கரங்களில் படிவது பிரேக் தூசி. பிரேக் பேடும் டிஸ்க்கும் உரசும்போது உதிரும் இரும்புத் துகள்கள் சூட்டோடு வீலின் மேல்பூச்சில் பதிந்து, ஈரம் பட்டதும் துருப்பிடிக்கும். இதற்கு ‘அயர்ன் ரிமூவர்’ போதும். இவற்றில் பெரும்பாலும் தயோகிளைகோலேட் உப்பு இருக்கும். இரும்பைத் தொட்டதும் ஊதா நிறமாகும்; அழுகிய முட்டை போன்ற வாடை வரும். நடுநிலைக்கு நெருக்கமான பி.எச். கொண்டதாகப் பார்த்து வாங்குங்கள்.

ஒட்டும் கரும்புள்ளி என்றால் சாலைத் தார். அதைத் தார் நீக்கி கரைத்துவிடும். எளிதில் தீப்பற்றக்கூடியது என்பதால் அடுப்பு, பீடி, சிகரெட் பக்கத்தில் வேண்டாம்.

வெள்ளைப் புள்ளிகள், போர் தண்ணீர் காய்ந்து விட்டுப்போன கால்சியம், மெக்னீசிய உப்புகள். தண்ணீர் கலந்த வினிகரைத் துணியில் தொட்டுத் துடைத்து, உடனே கழுவினாலே பெரும்பாலும் போய்விடும்.

மேல்பூச்சு இல்லாத, பாலிஷ் மட்டும் செய்த அலுமினிய வீல் என்றால் கூடுதல் கவனம் தேவை. கடும் அமிலமும் கடும் காரமும் அதை மங்க வைக்கும்.

ஆபத்து எங்கே இருக்கிறது?

பாத்ரூம் ஆசிட் என்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். பிளீச்சிங் பவுடரோடு கலந்தால் குளோரின் வாயு வந்து நுரையீரலைத் தாக்கும்.

அதைவிட அஞ்ச வேண்டியது ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம். கடும் வீரியமுள்ள சில வீல் கிளீனர்களில் இதுவோ, அமோனியம் பைஃப்ளூரைடோ இருக்கும். நீர்த்த நிலையில் தோலில் பட்டால் உடனே எரியாது. மணிக்கணக்கில் கழித்துத்தான் வலி தொடங்கலாம். அதற்குள் ஃப்ளூரைடு தசைக்குள் இறங்கி, உடலின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். அதிகம் பட்டால் இதயத் துடிப்பே தடுமாறும். இந்தப் பெயர்கள் லேபிளில் இருந்தால் வீட்டு உபயோகத்துக்கு வாங்காதீர்கள்.

பட்டுவிட்டால் நனைந்த உடையைக் கழற்றி, ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, வலி இல்லாவிட்டாலும் மருத்துவமனைக்குப் போங்கள். பாட்டிலையும் எடுத்துச் செல்லுங்கள். எந்த ரசாயனம் என்று தெரிந்தால்தான் கால்சியம் குளுக்கோனேட் ஜெல் போன்ற சரியான மருந்தை உடனே தர முடியும். ஆம்புலன்ஸுக்கு 108-ஐ அழையுங்கள்.

எதை வாங்கினாலும் கையுறை, கண்ணாடி அணியுங்கள். வீல் ஆறியபின், உட்புறத்தில் ஓரிடத்தில் மட்டும் போட்டுப் பாருங்கள். திரவம் காய்வதற்குள் கழுவுங்கள். பிறகு மெதுவாக ஓட்டி, இரண்டு மூன்று முறை பிரேக்கை அழுத்தி ஈரத்தைப் போக்குங்கள்.

சட்டம் தரும் பாதுகாப்பு

பொட்டலப் பொருட்களுக்கான 2011-ம் ஆண்டு எடையளவு விதிகளின்படி, தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயர், முகவரி, பொருளின் பெயர், நிகர அளவு, அதிகபட்ச சில்லறை விலை, புகார் தொடர்பு விவரம் ஆகியவை பாட்டிலில் இருக்க வேண்டும். இவை இல்லாத கேனை ஒதுக்கிவிடுங்கள்.

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-ன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. சரியான பயன்பாட்டு முறையையோ ஆபத்து எச்சரிக்கையையோ தராத தயாரிப்பாளர், அதனால் உடலுக்கோ வீலுக்கோ நேரும் சேதத்துக்கு இழப்பீடு தரவேண்டி வரும். ஆனால் லேபிள் சொன்னதை நீங்கள் மீறியிருந்தால் உங்கள் வழக்கு நிற்பது கடினம். வாட்டர் சர்வீஸில் வீல் பாழானால் அது சேவைக் குறைபாடு.

எப்படிப் புகார் செய்வது?

சேதமான வீலையும் பாட்டிலின் லேபிளையும் படமெடுங்கள். மிச்சத் திரவத்தைக் கொட்டிவிடாதீர்கள். முதலில் விற்றவருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் தீரவில்லை என்றால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடரலாம்; வக்கீல் கட்டாயமில்லை. பொருளுக்கோ சேவைக்கோ நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. காலக்கெடு 2 ஆண்டுகள்.

அடுத்த முறை வாட்டர் சர்வீஸுக்குப் போகும்போது, வீலுக்கு என்ன அடிக்கிறீர்கள், பாட்டிலைக் காட்டுங்கள் என்று கேளுங்கள். உங்கள் வீலில் ஒருமுறை படும் அந்தத் திரவம், கையுறையின்றி வேலை செய்பவரின் விரல்களில் நாள் முழுக்கப் படுகிறது.