முந்திரிகைக் கொடியைக் காலமறிந்து கத்தரித்தல்

யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தோட்டங்களிலே வெண்காயம், மிளகாய் முதலிய பயிர்களுடன் முந்திரிகைப் பந்தலும் கமக்காரருக்கு நல்ல வருவாய் தருவதாகும். ஆயினும், எருவும் நீரும் குறைவின்றி இட்டும், சில பந்தல்கள் இலை மட்டும் செழித்துக் குலையின்றி நிற்பதுண்டு. வேறு சிலவற்றிலே பழுக்குந் தறுவாயில் மழை பிடித்து, பழங்கள் வெடித்து அழுகுவதுண்டு. இவ்விரு நட்டங்களையும் பெரும்பாலும் தவிர்க்கவல்லது காலமறிந்து செய்யுங் கத்தரிப்பேயாகும்.

கத்தரிப்பது ஏன்?

குளிர்நாடுகளிலே இலையுதிர்காலத்தில் கொடி தானே இலை சொரிந்து ஓய்வு கொள்ளும். இளவேனில் வந்ததும் அதன் கண்கள் விழித்துத் தளிர்க்கும். எமது நாட்டிலே அத்தகைய குளிர் இல்லை. கொடி ஓயாது நீளும். நுனிக்கண்கள் தளிர்க்க, ஏனையவை உறங்கிக் கிடக்கும். ஆகவே, அங்கே குளிர் செய்யும் வேலையை இங்கே கத்தரி செய்தல் வேண்டும்.

குலை தோன்றுவது புதிய தளிரிலேயே. அத்தளிரோ சென்ற போகத்தில் முற்றிய கொடியின் கண்ணிலிருந்து எழுவது. கண்ணினுள்ளே குலையின் கரு முன்னரே உருவாகிவிடும். அதற்கு வெயில் வேண்டும். பந்தல் நெருங்கி இருண்டிருப்பின் அடுத்த போகத்தின் விளைவும் குறையும்.

எக்காலத்திற் கத்தரித்தல் வேண்டும்?

கத்தரித்த நாளிலிருந்து பழம் பறிக்க, இனத்துக்கேற்ப ஏறத்தாழ மூன்று முதல் நான்கு மாதங்கள் செல்லும். குடாநாட்டில் பெருமழை ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்வது. பூக்கும்போதும் பழுக்கும்போதும் மழை ஆகாது. எனவே மழைக்காலத்திலிருந்து பின்னோக்கி நாட்களைக் கணக்கிடுக. தைப்பொங்கலையடுத்துக் கத்தரித்தால் சித்திரை, வைகாசியிற் பழம் பறிக்கலாம். பின்னர்க் கொடிக்குச் சில வாரங்கள் ஓய்வளித்து, ஜூன் முதல் வாரத்துக்குள் மீண்டுங் கத்தரித்தால், பெருமழைக்கு முன் அறுவடை முடியும். அந்நாள் கடந்துவிடின் இரண்டாம் போகத்துக்கு ஆசைப்படாதிருத்தலே நன்று.

செய்யும் முறை

1. கத்தரிப்பதற்குச் சில நாட்கள் முன்னர் நீர் இறைப்பதை நிறுத்துக.

2. பென்சிற் பருமனுள்ள, பழுப்பு நிறமாக முற்றிய கொடிகளைத் தெரிந்து, ஒவ்வொன்றிலும் நான்கு முதல் ஆறு கண்களை விட்டு வெட்டுக. மெலிந்தவற்றையும் நோயுற்றவற்றையும் அடியோடு நீக்குக.

3. வெட்டு கடைசிக் கண்ணுக்கு ஏறக்குறைய 2 சதமமீற்றர் மேலே அமைதல் வேண்டும். கத்தரி கூரியதாயிருத்தல் அவசியம். மழுங்கிய கத்தி கொடியை நசுக்கும்.

4. எஞ்சிய இலைகளையும் ஆய்ந்து நீக்கி, வெட்டிய கழிவுகளைத் திரட்டி எரித்துவிடுக. இலையின் அடிப்புறத்தே வெண்பஞ்சு போலப் படரும் பூஞ்சண நோய் இக்கழிவுகளிலிருந்தே மீண்டும் பரவக்கூடும்.

5. தளிர் எழுமுன் போடோக் கலவையை எங்கும் படத் தெளிக்குக. 1 கிலோகிராம் மயில்துத்தமும் 1 கிலோகிராம் சுண்ணாம்பும் 100 லீற்றர் நீருக்குப் போதும். இரண்டையும் வெவ்வேறாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றுக. இரும்புப் பாத்திரம் ஆகாது. தீட்டிய இரும்புக் கத்தியைக் கலவையிற் சிறிது நேரம் தோய்த்து எடுக்கும்போது செம்பு படிந்திருந்தால், இன்னுஞ் சிறிது சுண்ணாம்பு சேர்க்குக. கலந்த அன்றே தெளித்து முடித்தல் வேண்டும்.

6. அடியை ஆழமின்றிக் கொத்தி, மாட்டெரு இட்டு, நீர் இறைக்குக.

ஒவ்வொரு முறையும் கத்தரித்த தேதியையும் பழம் பறித்த தேதியையும் குறித்து வைப்பீராக. இரண்டு போகங்களின் குறிப்பு இருந்தால், உமது நிலத்தில் உமது இனத்துக்கு எத்தனை நாட்கள் வேண்டுமென்பது தெளிவாகும். அதன்பின் கத்தரிக்க வேண்டிய நாளை நீரே தவறின்றித் தீர்மானிக்கலாம். ஐயம் எழுமிடத்து உமது பகுதி விவசாயப் போதனாசிரியரை அணுகுக.