படித்தால் என்ன கிடைக்கும்? – 11: கொல்லிமலையில் ஒரு பி.எட்.

2022 ஜூன் மாதம் தமிழ்நாடு அரசு ஓர் ஆசிரியருக்கு மாத விலை சொன்னது. அரசுப் பள்ளிகளில் காலியாகக் கிடந்த 13,331 இடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழு மூலம் தற்காலிகமாக நிரப்பிக்கொள்ளலாம். இடைநிலை ஆசிரியருக்கு 7,500 ரூபாய், பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000. அதே ஆண்டு நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் அறிவித்திருந்த நாட்கூலி 281 ரூபாய். 26 நாளால் பெருக்கினால் 7,306. பன்னிரண்டாம் வகுப்பும் அதற்குமேல் இரண்டு வருட ஆசிரியர் பயிற்சியும் முடித்தவருக்கு அரசு போட்டுக் கொடுத்த கூடுதல் 194 ரூபாய்.

இது கொஞ்சம் குறும்புக் கணக்குதான். நூறு நாள் வேலையில் யாரும் மாதம் 26 நாள் கூலி பார்ப்பதில்லை. வாத்தியாரின் தொகையும் பிறகு 12,000, 15,000, 18,000 என்று ஏறியது. ஆனாலும் அரசே ஒரு முறை இப்படி வாய்விட்டு விலை சொல்லிவிட்ட பிறகு, தனியார் பள்ளித் தாளாளரை மட்டும் கோபித்துக்கொள்வதில் அர்த்தமில்லை.

சென்ற வாரம் ஐ.டி.ஐ. பார்த்தோம். இந்த வாரம் பி.எட். அதைக் கொல்லிமலையில் வைத்துப் பார்க்கக் காரணம் இருக்கிறது. சமவெளியில் ஒரு பிள்ளைக்கு பி.எட். பத்து வழிகளில் ஒன்று. மலையில் அப்படியில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு ஏறினால் செம்மேடு. அங்கிருந்து வளப்பூர் நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு என்று பிரியும் ஊர்களில் ஒரு குழந்தை சம்பளக்காரர் என்று நேரில் பார்ப்பது யாரை? பள்ளி ஆசிரியர், விடுதிக் காப்பாளர், நர்ஸம்மா, வனத்துறை ஆள், பஸ் கண்டக்டர். இதில் தினம் எட்டு மணி நேரம் கண்ணெதிரே நிற்பவர் ஆசிரியர். உண்டு உறைவிடப் பள்ளியில் இரவும் அவர் பெயர்தான் காதில் விழும். "என்னவாகப் போறே?" என்று கேட்டால் "டீச்சருங்க" என்ற பதில் வருவதில் ஆச்சரியம் என்ன? மிளகும் மரவள்ளியும் அன்னாசியும் விளையும் மலைதான். ஆனால் விளைச்சலின் விலை மலையில் தீர்மானமாவதில்லை. மாதம் பிறந்தால் விழும் சம்பளம் என்ற ஒன்றே அங்கே ஒரு கட்சி மாதிரி. எல்லாரும் அதில் உறுப்பினர்.

முந்தின தலைமுறைக்கு இந்தக் கணக்கு சரியாகவே வந்தது. ஆசிரியர் பயிற்சி முடித்தவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, அட்டையைப் புதுப்பித்துக்கொண்டு காத்திருந்தால், சீனியாரிட்டிப்படி ஒருநாள் தபால் வரும். பத்து வருடம் ஆகலாம், பதினைந்து ஆகலாம், வரும். அந்த நம்பிக்கையின் மேல்தான் இரண்டாயிரங்களின் முதல் பாதியில் ஊருக்கு ஊர் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் முளைத்தன. பயிற்சியை விற்றவர்கள் பிழைத்தார்கள். வாங்கியவர்களின் கதை வேறு.

2003-04 வாக்கில் புதிதாக எடுத்த ஆசிரியர்களுக்குத் தொகுப்பூதியம் என்றார்கள்: இடைநிலைக்கு 3,000 ரூபாய். 2006 ஜூன் 1 முதல்தான் அவர்கள் காலமுறைச் சம்பளத்துக்கு வந்தார்கள். அது தீர்ந்ததும் அடுத்தது. 2009 மே 31 வரை சேர்ந்த இடைநிலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 8,370. மறுநாள் சேர்ந்தவருக்கு 5,200. ஒரே பள்ளி, ஒரே வகுப்பு, ஒரே கரும்பலகை. இரண்டு பேருக்கும் நடுவே 3,170 ரூபாய். "சம வேலைக்குச் சம ஊதியம்" என்று இன்றுவரை அவர்கள் வருடந்தோறும் சென்னையில் உட்காருவது அந்த ஒரு நாள் இடைவெளிக்காகத்தான்.

கல்வி உரிமைச் சட்டம் வந்தது. 2010 ஆகஸ்ட் 23 அன்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம், தகுதித் தேர்வு எழுதித் தேறினால்தான் ஒன்று முதல் எட்டு வரை வகுப்பெடுக்கலாம் என்று அறிவித்தது. தமிழ்நாட்டின் முதல் 'டெட்' 2012 ஜூலையில் நடந்தது. ஆறரை லட்சம் பேருக்கு மேல் எழுதினார்கள். தேறியவர்கள் இரண்டாயிரத்து ஐந்நூறுக்கும் குறைவு. ஆசிரியர்களின் தரத்தைப் பார்த்தீர்களா என்று அன்றைக்கு டீக்கடை வரை சிரித்தார்கள். 150 கேள்விக்கு ஒன்றரை மணி நேரம் கொடுத்திருந்தார்கள் என்பதை யாரும் கவனிக்கவில்லை. அக்டோபரில் மறுதேர்வு வைத்தபோது மூன்று மணி நேரம் ஆக்கினார்கள்.

2013-இல் தேறியவர்களின் பாடுதான் சொல்லி மாளாது. முதலில் வெயிட்டேஜ் என்றார்கள். பிளஸ் டூ மதிப்பெண், பட்டப்படிப்பு மதிப்பெண் எல்லாம் கூட்டிக் கழித்தார்கள். 2018 ஜூலையில் அரசாணை 149 வந்தது. தகுதித் தேர்வு தகுதிக்கு மட்டும், வேலைக்கு இன்னொரு போட்டித் தேர்வு. அந்தப் போட்டித் தேர்வு நடக்க 2024 ஆயிற்று. அதில் 2,768 இடைநிலை இடங்களுக்கு இருபத்தைந்தாயிரத்துக்கும் மேல் எழுதினார்கள். அதற்குள் இவர்களுக்கு வயசாகிவிடுமே என்று, நியமன வயது வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று 2023-இல் உயர்த்தினார்கள். ஓய்வு பெறும் வயது 60. ஐம்பத்தெட்டில் முதல் போஸ்டிங் வாங்குகிறவருக்கு வரவேற்பு விழாவும் பிரிவுபசார விழாவும் ஒரே பந்தலில் நடத்தலாம்.

கிடைத்தவருக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் ஒருதலைப் பட்சம் ஆகும். இன்றைய விகிதத்தில் பட்டதாரி ஆசிரியரின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 36,400. அகவிலைப்படி சேர்த்தால் ஐம்பத்தைந்தாயிரத்தைத் தாண்டும். இடைநிலைக்கு 20,600. மலையில் ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை மாற்ற இது போதும். ஆகவே பி.எட். குறைந்த சம்பளப் படிப்பு என்று பொத்தாம் பொதுவாகச் சொல்வது தவறு. அது இரண்டு சம்பளம் உள்ள படிப்பு. பள்ளி மேலாண்மைக் குழு வாத்தியாரும் நிரந்தர வாத்தியாரும் படித்தது ஒன்றே. பகுதிநேர ஆசிரியர்கள் பதினாறாயிரம் பேரை 2012-இல் மாதம் 5,000 ரூபாய்க்கு எடுத்தார்கள். பன்னிரண்டு வருடம் கழித்து அது 12,500 ஆனது.

மலையிறங்கினால் நாமக்கல்லும் ராசிபுரமும். ஒரு காலத்தில் மாநிலம் முழுக்க இருந்து பெட்டி படுக்கையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்ட ஊர்கள். 2017-இல் அரசு ரேங்க் பட்டியல் வெளியிடுவதை நிறுத்தும் வரை, மே மாதச் செய்தித்தாள்களின் முதல் பக்கம் இந்த மாவட்டத்துப் பள்ளிகளுடையது. கோழிப்பண்ணைக்குப் பேர்போன ஊராதலால் 'பிராய்லர் பள்ளி' என்று கேலி செய்தார்கள். அந்தப் பள்ளிகளிலும் ஆசிரியர் வேலை உண்டு; இயற்பியலும் கணக்கும் நன்றாக நடத்துகிறவருக்கு நல்ல பணமும் உண்டு. ஆனால் அதே மாவட்டத்தில் சின்னத் தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சராகவோ தமிழ் மிஸ்ஸாகவோ சேரும் பெண்ணுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டினால் பெரிய விஷயம். வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குவதும் அவர் பொறுப்பு. சேர்க்கைக் காலத்தில் வீடு வீடாகப் போய் ஆள் பிடிப்பதும் அவர் பொறுப்பு.

செலவுப் பக்கம் வாருங்கள். பி.எட். 2015 வரை ஒரு வருடப் படிப்பு. அதன்பின் இரண்டு வருடம். பிளஸ் டூ முடித்து மூன்று வருடம் பட்டம், இரண்டு வருடம் பி.எட்., பிறகு டெட், பிறகு போட்டித் தேர்வு. டெட் வருடந்தோறும் நடப்பதில்லை: 2013, 2017, 2019, 2022, 2025 என்று விட்டு விட்டு நடந்திருக்கிறது. பதினெட்டு வயதில் ஐ.டி.ஐ. போன பையன் இருபதில் சம்பாதிக்கிறான். காவலர் தேர்வு எழுதியவன் சீருடை போட்டுவிடுகிறான். பி.எட். பிடித்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயது வரை கையில் இருப்பது சான்றிதழ் கோப்பு மட்டும். பழங்குடி மாணவருக்குக் கல்வி உதவித்தொகை உண்டு, கட்டணம் பெரும்பாலும் கழியும். ஆனால் அந்த வருடங்களில் வீட்டுக்கு வராத கூலியை எந்த உதவித்தொகையும் ஈடு செய்வதில்லை. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் ஆயிரம் ரூபாயும் பட்டப்படிப்போடு நின்றுவிடும்.

பின்லாந்தில் ஆசிரியர் படிப்பில் சேரவே கஷ்டம். தொடக்கப் பள்ளி ஆசிரியர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் பத்துப் பேரில் ஒருவருக்குத்தான் இடம். சேர்ந்துவிட்டால் வாழ்க்கை ஓடிவிடும். சிங்கப்பூரில் கல்வி அமைச்சகம் முதலில் ஆளை வேலைக்கு எடுக்கிறது; பிறகு சம்பளம் கொடுத்துப் பயிற்சிக்கு அனுப்புகிறது. இரண்டு நாட்டிலும் வடிகட்டுவது வாசலில். இங்கே கல்யாண வீட்டில் மொய் வாங்கிக்கொண்டு, பந்தியில் இலையும் போட்டுவிட்டு, சாதம் வரும்போது "உங்களுக்கு அழைப்பு உண்டா?" என்று கேட்கிறார்கள். ஐந்து வருடப் படிப்புக்கும் கட்டணத்துக்கும் பிறகு வடிகட்டுவதில் லாபம் கல்லூரி நடத்துகிறவருக்கு மட்டுமே. நான் குறை சொல்வது தேர்வு வைப்பதை அல்ல. தேர்வு வைக்கும் இடத்தை.

கொல்லிமலைக்கு இதில் தனிக் கணக்கு ஒன்று உண்டு. 2011 மக்கள்தொகைக் கணக்கில் தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.1 விழுக்காடு, பழங்குடியினரில் 54.3. மாநிலப் பழங்குடிகளில் எண்ணிக்கையில் பெரியவர்கள் மலையாளிகள். கேரளத்து மலையாளிகள் இல்லை. கொல்லிமலை, கல்வராயன், பச்சைமலை, ஏலகிரி, சவ்வாதுமலைக்காரர்கள். இவர்களுக்காக அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் மாநிலம் முழுக்க முந்நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. அங்கே பாடம் நடத்த வருகிறவர் பலரும் சமவெளிக்காரர்கள். மழை பெய்தால் பஸ் இல்லை, பஸ் வந்தால் நாலரைக்குத் திரும்ப வேண்டும். அவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. சேந்தமங்கலத்திலோ ராசிபுரத்திலோ குடும்பத்தை வைத்துக்கொண்டு தினம் அந்த வளைவுகளில் ஏறி இறங்கிப் பார்த்தால் தெரியும்.

அதே மலையில் பி.எட். முடித்த பிள்ளை வீட்டில் இருக்கிறாள். மாநில வேலைகளில் பழங்குடிக்கு இட ஒதுக்கீடு ஒரு விழுக்காடு. நூறில் ஒன்று என்ற விகிதம் மாநில மக்கள்தொகைக்குப் பொருந்தும். பழங்குடிப் பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளிக்குப் பொருந்துமா? ஆந்திரத்தில் இதற்கு ஒரு விடை வைத்திருந்தார்கள். 2000-ஆம் ஆண்டு அரசாணை 3-இன்படி, பழங்குடிகளுக்கென அறிவிக்கப்பட்ட அட்டவணைப் பகுதிப் பள்ளிகளில் ஆசிரியர் இடம் முழுவதும் பழங்குடியினருக்கே. 2020 ஏப்ரல் 22 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை ரத்து செய்தது. நூறு விழுக்காடு ஒதுக்கீடு செல்லாது என்றது. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குலம்கூட அறிவிக்கப்படாததால், நமக்கு அந்த வாதத்தைத் தொடங்கவே இடமில்லை. ஆனால் நூறுக்கும் ஒன்றுக்கும் நடுவில் எத்தனையோ எண்கள் இருக்கின்றன. உறைவிடப் பள்ளி நியமனத்துக்கு மட்டும் தனி விகிதம் வைக்கலாமா என்று கேட்க எந்தத் தீர்ப்பும் தடையில்லை. சிங்கப்பூர் மாதிரி, பிளஸ் டூ முடித்த மலைப் பிள்ளைகளில் சிலரை முதலிலேயே தேர்ந்தெடுத்து, படிக்க வைத்து, இத்தனை வருடம் மலையில் பணி என்று எழுதி வாங்கிக்கொள்ளவும் அரசால் முடியும்.

மத்திய அரசு பழங்குடியினருக்காக நடத்தும் ஏகலைவா பள்ளிகளுக்கு 38,800 ஆசிரியர்களும் ஊழியர்களும் எடுப்போம் என்று 2023 பட்ஜெட்டில் அறிவித்தார்கள். நல்ல செய்திதான். ஆனால் தேர்வில் இந்தித் தேர்ச்சியைக் கட்டாயமாக்கினார்கள். வளப்பூர் நாட்டிலிருந்து எத்தனை பேர் தேறுவார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

என் முடிவுக்கு வருகிறேன். பி.ஏ., பி.எஸ்ஸி. போன்ற பட்டம் மலைப் பிள்ளைக்குத் தேவையா என்றால், சந்தேகமில்லாமல் தேவை. மலையாளிப் பழங்குடியில் பிறந்த ஸ்ரீபதி சட்டம் படித்து 2024-இல் உரிமையியல் நீதிபதித் தேர்வில் வென்றார். அதே வருடம் பச்சைமலைப் பள்ளியில் படித்த மாணவி திருச்சி என்.ஐ.டி.யில் இடம் பிடித்தார். வழி ஒன்றல்ல என்பதற்குச் சொல்கிறேன். பி.எட். மட்டும் நிபந்தனையோடு. மாநிலத்தில் அரசு கல்வியியல் கல்லூரிகள் 7, உதவி பெறும் கல்லூரிகள் 14. எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துச் சொச்சம் இடங்கள்தான். அரசு கல்லூரி ஒன்று நம் நாமக்கல் மாவட்டத்தில், குமாரபாளையத்திலேயே இருக்கிறது. அங்கே இடம் கிடைத்தால், நடத்துவதில் ஆசை உள்ள பிள்ளையாக இருந்தால், தாராளமாகச் சேருங்கள். பிளஸ் டூ முடித்தவர்கள் மைசூரு மண்டலக் கல்வி நிறுவனத்தின் நான்கு வருட ஒருங்கிணைந்த ஆசிரியர் படிப்புக்கான நுழைவுத் தேர்வையும் எழுதிப் பாருங்கள். ஒரு வருடம் மிச்சம்.

இரண்டிலும் இடம் இல்லையென்றால், நகையை அடகு வைத்துத் தனியார் பி.எட். கல்லூரியில் சேர்க்காதீர்கள். வகுப்புக்கு வராமலே சான்றிதழ் தருகிறோம் என்று ஆள் அனுப்புகிறவர்களிடம் பேச்சே கொடுக்காதீர்கள். அந்த இரண்டு வருடத்தைக் குரூப் 4, குரூப் 2, காவல் உதவி ஆய்வாளர் தேர்வுகளுக்குக் கொடுக்கலாம். பி.எட். பிறகும் படிக்கலாம், கல்லூரி எங்கும் போய்விடாது.

அடுத்த வாரம் நர்சிங் படிப்பு. மலையிலிருந்து நர்சிங் போனவர்கள், தங்கள் முதல் மாதச் சம்பளம் எவ்வளவு என்பதை மட்டும் ஓர் அஞ்சலட்டையில் எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம்.