தொலைந்துபோன நெபுலா

1852 அக்டோபர் 11. லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் இருந்த ஒரு தனியார் வானாய்வகத்தில், ரிஷப ராசிப் பக்கம் ஒரு சின்னஞ்சிறு நெபுலாவைக் கண்டார் ஜான் ரஸல் ஹிண்ட். சிறுகோள் வேட்டையில் பேர்போனவர். இது அவருக்கு உபரி வரவு.

1861இல் கோபன்ஹேகனில் ஹைன்ரிக் டாரெஸ்ட் அதைத் தேடினார். இல்லை! நெபுலா என்பது பல்லாயிரம் ஆண்டுகள் மாறாமல் கிடக்கும் சமாச்சாரம் என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய குழப்பம். 1868இல் அருகிலேயே இன்னொன்றைக் கண்டார் ஓட்டோ ஸ்ட்ரூவ. அதுவும் போனது போனதுதான்; என்ஜிசி 1554 என்ற எண் மட்டும் விண்பொருள் பட்டியலில் மிச்சம். ஹிண்டின் நெபுலா, அதாவது என்ஜிசி 1555, 1890இல் கலிபோர்னியாவின் லிக் வானாய்வகத்தில் மீண்டும் அகப்பட்டது. அதுவும் எப்படி? 36 அங்குல ராட்சதத் தொலைநோக்கிக்கே மங்கலாக.

நெபுலாவைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அது வெறும் தூசியும் வாயுவும். சொந்த வெளிச்சம் கிடையாது. அதன் பக்கத்திலேயே, நம்மிடமிருந்து சுமார் 470 ஒளியாண்டு தொலைவில் இருக்கும் டி டௌரி விண்மீனின் ஒளியைத்தான் அது எதிரொளிக்கிறது. விண்மீன் மங்கினால் இதுவும் மங்கும். விண்மீனை ஒட்டி ஒரு தூசித் திரள் கடந்து போனாலோ, அதன் நிழல் இங்கே வந்து விழும். சினிமாத் திரையில் படம் இருண்டால் திரையைக் காணோம் என்று தேடுவோமா? அன்றைய வானியலாளர்கள் ஏறக்குறைய அதைத்தான் செய்தார்கள்.

டி டௌரி பச்சைக்குழந்தை. சூரியனுக்கு 460 கோடி வயது என்றால், இதற்குச் சில பத்து லட்சம்தான். ஹைட்ரஜன் எரிப்பு இன்னும் தொடங்கவில்லை. சுருங்குவதால் வரும் வெப்பத்தில் ஒளிர்கிறது. சுற்றியுள்ள வட்டிலிருந்து வாயு சீரில்லாமல் வந்து விழுவதால் ஒளியும் நிலைகொள்வதில்லை. 1945இல் ஆல்ஃபிரட் ஜாய் இத்தகைய 11 விண்மீன்களை ஒரே வகையாகச் சேர்த்து, இதன் பெயரையே அந்த வகைக்குச் சூட்டினார்.

ஆனால் அந்த முன்மாதிரி தனி ஆளே இல்லை. 1980களின் தொடக்கத்தில் அகச்சிவப்பு ஒளியில் பார்த்தபோது, தெற்கே அடர்ந்த தூசிக்குள் ஒரு துணை ஒளிந்திருந்தது. பிறகு அந்தத் துணையே இரண்டு என்று தெரிந்தது. கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் இந்த இரண்டையும் இதுவரை யாரும் பார்த்ததில்லை. அவை ஒன்றையொன்று ஒருமுறை சுற்றிவரச் சுமார் 27 ஆண்டுகள் ஆகின்றன. 1990களின் இறுதியில் பின்தொடரத் தொடங்கியவர்கள், முதல் சுற்றை ஏறக்குறைய இப்போதுதான் பார்த்து முடிக்கிறார்கள்.