உச்சிவெயிலும் சுருட்டைமுடியும்

தலைமுடியின் வகைகளைத் தமிழ்ப் பேச்சுவழக்கு கோரை, நெளி, சுருட்டை என்று எளிதாகப் பிரித்துவிடுகிறது. கோரைமுடியே இயல்பானது, சுருட்டை அதிலிருந்து பிறழ்ந்தது என்ற எண்ணமும் பலரிடம் உண்டு. பாலூட்டிகள் அனைத்தையும் கணக்கில் கொண்டால் இதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஏனெனில் காட்டு விலங்குகளின் மயிர் பொதுவாக நேரானது, மனிதனுக்கு மிக நெருங்கிய உறவினமான சிம்பன்சியின் மயிரும் அப்படியே. (பூடில் நாயின் சுருள்மயிர் மனிதன் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் நிலைத்தது.) ஆனால் மனித இனத்துக்குள் மட்டும் பார்த்தால் வரிசை தலைகீழாகிறது: ஆப்பிரிக்காவில் வாழ்ந்த பொது மூதாதையர் இறுகச் சுருண்ட முடியுடையவர்களாக இருந்திருக்கவே வாய்ப்பு மிகுதி என்றும், நேர்முடி பின்னர், அதுவும் ஒருமுறைக்கு மேல், தோன்றியது என்றும் ஆய்வாளர் பலர் கருதுகின்றனர்.

முடியின் வடிவம் தோலுக்கு அடியிலேயே முடிவாகிவிடுகிறது. முடி முளைக்கும் குழியாகிய மயிர்க்கால் நேராக இறங்கியிருந்தால் இழை ஏறத்தாழ வட்டமான வெட்டுமுகத்துடன் நேராக வளர்கிறது; மயிர்க்கால் வளைந்திருந்தால், இழையின் இரு பக்கத்து உயிரணுக்களும் ஒரே சீராக வளராமல், முடியின் கட்டுமானப் புரதமான கெரட்டின் பக்கத்துக்குப் பக்கம் வேறுபட்டு அமைவதால், இழை சற்றுத் தட்டையாகிச் சுருண்டுகொள்கிறது. அழகுநிலையத்தில் எவ்வளவு செலவழித்து நேராக்கினாலும் புதிதாக முளைப்பது பழையபடியே சுருண்டு வருவதற்குக் காரணம் இதுதான்.

சுருட்டையால் என்ன பயன் என்பதற்கு விடை வெயிலில் இருக்கிறது. நாற்கால் விலங்குக்கு நண்பகல் வெயில் முதுகில் விழுகிறது; நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய மனித மூதாதைக்கோ அது உச்சந்தலையில் விழுந்தது. உடல்மயிர் மெலிந்து வியர்வைச் சுரப்பிகள் பெருகிய பின்னும் தலையில் மட்டும் அடர்ந்த முடி தங்கியது. அதன் கீழிருந்த மூளை கடந்த 20 இலட்சம் ஆண்டுகளில் பெரிதும் வளர்ந்தது. உடல் எடையில் சுமார் 2 விழுக்காடே இருந்தும், ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்ளும் இவ்வுறுப்பு, மிகைச் சூட்டைத் தாங்காதது.

டீனா லசிசி, நீனா ஜப்லோன்ஸ்கி ஆகியோர் அடங்கிய குழு 2023இல் வெளியிட்ட ஆய்வு, சுருட்டைமுடி தலையை வெயிலின் சூட்டிலிருந்து காக்கிறது என்ற கருத்தை அளந்து பார்த்தது. சூடேற்றிய மனித உருப் பொம்மையின் தலையில், மனித முடியால் செய்த நேரான, நெளிந்த, இறுகச் சுருண்ட பொய்முடிகளை மாற்றி மாற்றி அணிவித்து, சூரியனைப்போல் கதிர்வீசும் விளக்குகளின் கீழ் வெப்ப வரவையும் இழப்பையும் கணக்கிட்டனர். எவ்வகை முடியும் வெயிலின் சூட்டைக் குறைத்தது. மிகுதியாகக் குறைத்தது இறுகிய சுருட்டையே. முடி வியர்வை ஆவியாவதைச் சற்றுத் தடுப்பது உண்மைதான். எனினும் வெயிலின் சூடே குறைவாக ஏறுவதால், அதை ஈடுகட்டத் தேவைப்படும் வியர்வையும் குறைந்துவிடுகிறது. நேர்முடி தலையோடு படிந்துகிடக்க, சுருட்டையோ கீற்றுப்பந்தல்போல் தோலுக்கும் வெயிலுக்கும் இடையே காற்றுவெளியொன்றைத் தாங்கி நிற்கிறது. தண்ணீர் அரிதான புல்வெளியில் அலைந்தவர்களுக்கு இது சிறிய சேமிப்பன்று. ஆனால் பொம்மை காட்டுவது பயனை மட்டுமே. அப்பயனுக்காகவே இயற்கைத்தேர்வு சுருட்டையை வளர்த்தது என்பதற்கு அது நேரடிச் சான்றாகாது, பழைய மனிதரின் முடியோ எலும்பைப்போல் எஞ்சுவதில்லை.

நேர்முடியின் கதை இன்னும் சிக்கலானது. கிழக்காசியரிடமும் அமெரிக்கப் பழங்குடியினரிடமும் பரவலாகக் காணப்படும் தடித்த நேர்முடிக்கு, ஈடார் என்னும் மரபணுவில் சுமார் 30,000 ஆண்டுகளுக்கு முன் நேர்ந்ததாக மதிப்பிடப்படும் மாற்றம் ஒரு முக்கியக் காரணம். அம்மாற்றத்தை எலிகளில் புகுத்திய 2013ஆம் ஆண்டு ஆய்வில், மயிர் தடித்ததோடு வியர்வைச் சுரப்பிகளும் பெருகின. மனிதரில் அது முன்பற்களின் வடிவத்தையும் மாற்றுகிறது. ஆகவே இயற்கை வியர்வைச் சுரப்பிகளையோ வேறொன்றையோ தேர்ந்தெடுக்க, முடி வெறுமனே உடன்வந்ததாகவும் இருக்கலாம். ஐரோப்பிய வழியினரின் நேர்முடியில் பங்குவகிப்பதோ, மயிர்க்காலில் உருவாகும் டிரைக்கோஹயலின் என்ற வேறொரு புரதத்தின் மரபணு. அதுவும் முடிவடிவ வேறுபாட்டில் சுமார் 6 விழுக்காட்டையே விளக்குகிறது, எஞ்சியது வேறு பல மரபணுக்களிடம் சிதறிக்கிடக்கிறது.

இப்படிப் பார்வைக்கு ஒன்றுபோன்ற முடி வெவ்வேறு வழிகளில் வரக்கூடியதாக இருக்க, 19ஆம் நூற்றாண்டில் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் முதலானோர் கம்பளிமுடியர், நேர்முடியர் என்று மனிதகுலத்தையே வகுத்தனர். 1950ஆம் ஆண்டின் மக்கள்பதிவுச் சட்டம் இனவாரியாக மனிதரைப் பிரித்த தென்னாப்பிரிக்காவில், ஐயத்துக்குரியவர் தலையில் பென்சிலைச் செருகி, அது விழுகிறதா நிற்கிறதா என்று பார்க்கும் சோதனையும் நடந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்கள் வெவ்வேறு இனத்தவராகப் பதிவேட்டில் ஏறியதும் உண்டு.