சந்தைக் கணக்கும் தலைகீழ் முக்கோணமும்



பொறியியல் படிக்கும் அக்கா லீவுக்கு வந்தபோது, அவங்க கணக்கு நோட்டில் ஒரு தலைகீழ் முக்கோணம் பார்த்தேன். ∇. இதன் பெயர் நாப்ளா. பழங்காலத்து யாழ் ஒன்றின் வடிவில் இருப்பதால் வந்த பெயர். அயர்லாந்துக் கணித மேதை ஹாமில்டன் 19-ஆம் நூற்றாண்டில் இதைப் படுக்க வைத்து எழுதினார். பிறகுதான் இப்படி நிமிர்ந்தது.

கல்லூரிப் பாடம்தான். ஆனா நம்ம பிளஸ் டூ வெக்டரும் வகைக்கெழுவும் தெரிந்தால் போதும், புரிந்துவிடும்.

∇ என்றால் என்ன?

கொத்தனார் தளம் போடும்போது "தண்ணி நிக்காம ஓட வாட்டம் விடணும்" என்பார். அந்த வாட்டம்தான் இது! நிலத்தின் உயரம் 'உ' என்று வைப்போம். ∇உ என்பது ஒரு வெக்டர். எந்தப் பக்கம் ஏற்றம் மிக அதிகமோ அந்தப் பக்கம் காட்டும். எவ்வளவு செங்குத்து என்பதை அதன் நீளம் சொல்லும். மேட்டில் ஊற்றிய தண்ணி இதற்கு நேர் எதிர்ப்பக்கம் ஓடும்.

'ர' என்ற இடத்திலிருந்து ∆ர என்று ஒரு மிகச் சின்ன அடி எடுத்து வைத்தால் உயரம் எவ்வளவு மாறும்?

∆உ = ∇உ · ∆ர

இதுதான் தாய் வாய்ப்பாடு. பாரூர் ஏரியில் தண்ணியின் விளிம்பை ஒட்டியே நடந்து பாருங்கள். உயரம் மாறாது. அதாவது ∇உ · ∆ர = 0. புள்ளிப் பெருக்கல் பூஜ்ஜியம் என்றால் செங்குத்து. ஆகவே ஏரியின் விளிம்புக்குக் கரையின் ஏற்றம் எப்போதும் செங்குத்து!

நான் செய்த தப்பு

ப, ம என்று இரண்டு சார்புகள். ∇(ப × ம) = ? நான் யோசிக்காமல் "∇ப · ∇ம" என்று எழுதினேன். அக்கா சிரிச்சாங்க. "இடப்பக்கம் அம்புக்குறி, வலப்பக்கம் வெறும் எண். எப்படிடா சமமாகும்?"

வெட்கமாகப் போச்சு. சரியான விடையை நம் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் கண்டுபிடிக்கலாம்.

தக்காளி கிலோ 20 ரூபாய், வெங்காயம் 30 ரூபாய் என்று வைப்போம். வாங்கியது 3 கிலோ, 2 கிலோ. விலை வெக்டர் (20, 30). அளவு வெக்டர் (3, 2). புள்ளிப் பெருக்கல் 60 + 60 = 120 ரூபாய். சந்தை பில் என்பதே புள்ளிப் பெருக்கல்தான்!

அடுத்த வாரம் விலை (21, 32). தக்காளி அரை கிலோ கூடுதல். பில் 73.50 + 64 = 137.50. கூடியது 17.50. எப்படி வந்தது?

பழைய விலை · கூடிய அளவு = 10
பழைய அளவு · கூடிய விலை = 3 + 4 = 7
கூடிய விலை · கூடிய அளவு = 0.50

மாற்றங்கள் சிறிதாகச் சிறிதாக மூன்றாவது துண்டு மற்ற இரண்டையும் விட வேகமாகத் தேய்ந்து மறையும். முதல் இரண்டும்தான் நிற்கும். நான் என்ன செய்தேன்? தூக்கி எறிய வேண்டிய துண்டை வைத்துக்கொண்டு, வேண்டிய இரண்டையும் எறிந்துவிட்டேன்!

இப்போது நிரூபணம்

சந்தைக் கணக்கு ஒரு சோதனைதான். பத்து எண் போட்டுச் சரி பார்த்தாலும் அது நிரூபணம் ஆகாது. அதற்கு ஒரு சாவி வேண்டும்.

சாவி: எந்தப் பக்கம் அடி வைத்தாலும் ∆உ = க · ∆ர என்று வந்தால், க = ∇உ.

ஏன்? (க − ∇உ) · ∆ர = 0 எல்லாப் பக்கமும் உண்மை. (க − ∇உ) இருக்கும் பக்கமே அடி வைத்தால், அதன் நீளம் பூஜ்ஜியம் என்று வரும். ஆகவே இரண்டும் ஒன்றே.

சாவி கிடைச்சாச்சு, மூன்று பூட்டையும் திறப்போம்.

1. 'அ' மாறாத வெக்டர். அ · ர மாறும் அளவு அ · ∆ர. எனவே ∇(அ · ர) = அ.

2. ர · ர மாறும் அளவு, சந்தைக் கணக்குப்படி 2ர · ∆ர. எனவே ∇(ர · ர) = 2ர.

3. ப × ம மாறும் அளவு ப∆ம + ம∆ப = (ப∇ம + ம∇ப) · ∆ர. எனவே ∇(ப × ம) = ப∇ம + ம∇ப.

கூறுகளாகப் பிரித்துப் பக்கம் பக்கமாக எழுதத் தேவையே இல்லை!

உங்களுக்கு ஒரு கணக்கு

'ர' வெக்டரின் நீளம் 'ந'. தொடக்கப் புள்ளியை விட்டுவிடுங்கள். ∇(1/ந) என்ன?

குறிப்பு: ந × ந = ர · ர. இதிலிருந்து முதலில் ∇ந கண்டுபிடியுங்கள். பிறகு ந × (1/ந) = 1 என்பதில் மூன்றாம் விதியைப் போடுங்கள்.

புள்ளி மின்னூட்டத்தின் மின்னழுத்தம் 1/ந ஆகக் குறைய, மின்புலம் ஏன் 1/ந² ஆகக் குறைகிறது என்று இயற்பியலில் மனப்பாடம் செய்தோமே, அதன் காரணம் இந்த விடைக்குள்தான் இருக்கிறது.

எழுதும் முன் ஒரு நொடி, இரண்டு பக்கமும் அம்புக்குறிதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. நீங்களாவது பாருங்கள்!