பிளவுப்பெயர்ச்சியும் எண்ணெய்த் தேக்க அழுத்தமும்

பிளவுப்பெயர்ச்சி என்பது பாறை அடுக்குகள் உடைந்து, உடைந்த தளத்தின் இருபுறமும் உள்ள பகுதிகள் இடம்பெயர்ந்திருக்கும் நிலவியல் அமைப்பு ஆகும். எண்ணெய் வயல்களில் இது எண்ணெயைத் தடுக்கும் சுவராகவோ எண்ணெய் கசியும் வழியாகவோ அமையலாம்.

தடுப்பாக அமைதல்

எண்ணெய் நிலத்தடியில் ஏரி போலத் தேங்கி நிற்பதில்லை. மணற்கல் போன்ற பாறைகளின் நுண்துளைகளில் அழுத்தத்துடன் அடைபட்டுள்ளது. பெயர்ச்சியால் மணற்கல்லுக்கு எதிரே களிப்பாறை வந்து நின்றாலோ, நகர்வின்போது களிமண் பிளவுத்தளத்தில் பூசப்பட்டாலோ எண்ணெய் அதைக் கடப்பது அரிதாகிறது. இதனால் ஒரே வயல் தனித்தனித் தொகுதிகளாகப் பிரிகிறது. ஒரு தொகுதியில் எண்ணெய் எடுத்தால் அங்கு அழுத்தம் விரைவாகக் குறையும். அடுத்த தொகுதியில் மாற்றம் சிறிதாகவே இருக்கும். குறைந்த அழுத்தத்தை ஈடுசெய்யச் செலுத்தப்படும் நீரும் அதே தொகுதிக்குள் சென்றால்தான் பயன் தரும்.

வழியாக அமைதல்

பிளவுத்தளம் திறந்திருந்தால் எண்ணெயும் நீரும் அதன் வழியே பாயும். கீழிருந்து வரும் நீர் கிணற்றை விரைவில் எட்டி, எண்ணெய் உற்பத்தியைக் குறைக்கலாம். அளவுக்கு மீறி நீரைச் செலுத்தினால், மூடியிருந்த பிளவும் நழுவித் திறக்கக்கூடும்.

கண்டறிதல்

நில அதிர்வு அலை ஆய்வு பெரிய பிளவுகளின் இருப்பிடத்தைக் காட்டும். பிளவு மூடியதா என்பதைக் கிணற்று அழுத்தச் சோதனை காட்டும். சீரான வீதத்தில் எண்ணெய் எடுக்கும்போது ஏற்படும் அழுத்தக் குறைவை, நேரத்தின் மடக்கைக்கு எதிராக வரைந்தால் நேர்கோடு கிடைக்கும். அருகில் மூடிய பிளவு ஒன்று இருந்தால், பின்னர் அக்கோட்டின் சரிவு இரு மடங்காகும்.

வில்மிங்டன் எண்ணெய் வயல்

ஐக்கிய அமெரிக்காவின் கலிபோர்னியாவில், லாங் பீச் துறைமுகப் பகுதியில் உள்ள இவ்வயல் 1932 இல் கண்டறியப்பட்டது. பல பிளவுகள் இதைத் தொகுதிகளாகப் பிரிக்கின்றன. எண்ணெய் எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து, இறுகாத மணல் அடுக்குகள் நெருக்குண்டன. தரை கிண்ணம் போலத் தாழ்ந்தது. மையத்தில் தாழ்வு ஏறத்தாழ 9 மீட்டரை எட்டியது. கடல்நீர் புகாதிருக்கத் தடுப்புக் கரைகள் எழுப்பப்பட்டன. பல கிணறுகளின் குழாய்கள் துண்டிக்கப்பட்டன.

1950-களில் நீர் உட்செலுத்தல் தொடங்கியது. ஆனால் ஒரே தொகுதியில் பலருக்குக் கிணறுகள் இருந்தன; ஒருவர் செலுத்தும் நீர் எண்ணெயை மற்றவரின் கிணற்றுக்குத் தள்ளிவிடலாம். எனவே உரிமையாளர்கள் தொகுதிவாரியாக ஒன்றிணைக்கப்பட்டனர். 1958 இல் கலிபோர்னியா இயற்றிய நிலத்தாழ்வுச் சட்டம் இதற்கு வழிசெய்தது. அழுத்தம் மீண்டதும் 1960-களில் தரை தாழ்வது பெரும்பாலும் நின்றது. எண்ணெய் உற்பத்தியும் தொடர்ந்தது.